நீரை நாடும் மரம்



சில ஆண்டுகளுக்கு முன், மலைநாட்டு வேளாண்மை பற்றிய ஆங்கிலக் கைந்நூல் ஒன்றைத் தமிழாக்கும் பணி என்னிடம் வந்தது. அதில் வில்லோ என்னும் மரத்தைப் பற்றி ஒரு பகுதி. அம்மரத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று தயங்கியபோது, பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் அதற்கு ‘அலரி’ என்ற சொல் ஆளப்பட்டிருப்பது நினைவுக்கு வந்தது. இலை ஒடுங்கி நீண்டிருப்பதில் இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு. இரண்டும் ஆற்றோரத்தில் வளரக் கூடியவை. தக்க சொல் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் மளமளவென்று எழுதி முடித்தேன்.

அச்சுப்படியைத் திருத்தும்போதுதான் ஒரு வாக்கியம் கண்ணில் பட்டது. அலரியின் தழையை உலர்த்தி வைத்துக் குளிர்காலத்தில் ஆடுகளுக்குத் தீவனமாக இடலாம் என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அலரி கொடிய நஞ்சு என்பதை நம் நாட்டுப்புறத்தில் சிறு பிள்ளையும் அறியும். உலர்ந்த பின்னும் அவ்விலையின் நஞ்சு அகலுவதில்லை. வில்லோவின் தழையோ லடாக் போன்ற குளிர்நாடுகளில் கால்நடைகளின் உணவு. நான் எழுதியதை நம்பி யாரோ ஒருவர் தம் ஆட்டை அலரியிடம் கொண்டுபோய் விட்டிருந்தால்? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் அச்சகத்துக்கு ஓடி, அந்தப் பகுதி முழுவதையும் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மரத்தைப் பாராமல் அகராதியை மட்டும் பார்த்ததால் வந்த வினை அது. ஆகவே, மரத்தைப் பார்க்கப் புறப்பட்டேன். பார்த்ததோடு நில்லாமல் அதை வளர்க்கவும் தொடங்கினேன். அதில் கற்றவற்றையும், நான் செய்த மற்றொரு பெரும் பிழையையும் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பெயரைத் தீர்த்துக்கொள்வோம். இம்மரக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று தென்னாட்டிலும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் அது தானாகவே வளர்கிறது. ஆற்றுப்பாலை என்பது அதன் தமிழ்ப் பெயர். வடபுலத்தில் அதனை லைலா என்றும், கிளைகள் தரை நோக்கித் தாழ்ந்து தொங்கும் மற்றொரு வகையை மஜ்னூன் என்றும் வழங்குவர். காதலியை இழந்து தலைமுடியை விரித்துக் குனிந்து நிற்கும் மஜ்னூனை அம்மரத்திலே கண்ட பாரசீகப் புலவர்களின் வழக்கு அது. தில்லிப் பூங்காக்களின் குளக்கரைகளில் நாம் காண்பது பெரும்பாலும் இந்த மஜ்னூனைத்தான்.

இதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் சாலிக்ஸ் பாபிலோனிகா. 1753-இல் வெளிவந்த தம் நூலில் லின்னேயஸ் இப்பெயரைப் பதிவு செய்தார். விவிலியத்தில் பாபிலோன் ஆற்றங்கரையில் நின்றதாகச் சொல்லப்படும் மரம் இதுவே என்ற எண்ணம் அக்காலத்தில் நிலவியது. உண்மையிலோ இது சீன நாட்டு மரம். வணிகப் பாதைகள் வழியே மேற்கே சென்றது. பாபிலோனில் நின்றது பாப்லர் இனத்து மரமாயிருத்தல் வேண்டும் என்பது இன்றைய அறிஞர் கொள்கை. லின்னேயஸுக்கே இந்தத் தடுமாற்றம் உண்டு என்று அறிந்தபோது, என் பிழை சிறிது பாரம் குறைந்தாற்போல் இருந்தது.

இனி, வளர்க்கும் முறைக்கு வருவோம். வில்லோவைப் போல் எளிதாக வேர்விடும் மரம் மிகச் சிலவே. விதைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியானவை. விதையின் முளைக்கும் திறனோ சில நாட்களுக்கு மேல் நிற்பதில்லை. எனவே போத்து நட்டு வளர்ப்பதே வழக்கம். தில்லியில் இம்மரம் மார்கழியில் இலையுதிர்த்து, மாசிக்குள் மீண்டும் தளிர்க்கிறது. இடைப்பட்ட தை மாதமே போத்து வெட்டத் தக்க காலம். சென்ற ஆண்டு வளர்ந்த கிளையில், எழுதுகோல் பருமனுள்ள பகுதியை ஓர் அடி நீளத்துக்கு நறுக்க வேண்டும். அடிமுனையை ஒரு கணுவுக்குக் கீழே சாய்வாகவும், மேல்முனையை ஒரு கணுவுக்கு மேலே நேராகவும் வெட்டிவிட்டால் தலை எது, கால் எது என்ற குழப்பம் நேராது. மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றி, மண்ணைக் காலால் அழுத்தி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். பாத்திரத்து நீரில் நிறுத்தி வைத்தாலுங்கூடச் சில வாரங்களில் வெண்ணிற வேர்கள் தோன்றும். ஆனால் நீரிலேயே நெடுநாள் விட்ட போத்து மண்ணுக்கு மாறும்போது திணறுகிறது. நேரே மண்ணில் நடுவதே மேல் என்பது என் அனுபவம்.

நறுக்கி மிகுந்த சிறு குச்சிகளை எறிந்துவிடாதீர்கள். அவற்றைத் துண்டாக்கி ஒரு நாள் முழுதும் நீரில் ஊற வைத்து, அந்நீரில் ரோஜாப் போத்துகளை நனைத்து நடுவது தோட்டக்காரர்களின் பழைய முறை. வேரைத் தூண்டும் ஒருவகைப் பொருள் வில்லோவின் இளங்குச்சிகளில் இருப்பதே அதற்குக் காரணம். இம்மரப்பட்டையில் வேறொரு பொருளும் உண்டு. எட்வர்டு ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார், பட்டைத் தூளைக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1763-இல் அதைப் பற்றி இலண்டன் அறிவியற் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அந்த வழியில் நடந்த ஆராய்ச்சியே 1897-இல் ஆஸ்பிரின் மருந்தில் வந்து முடிந்தது. அதற்காக வீட்டில் பட்டையைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். மருந்தின் அளவை மரம் சொல்லாது.

போத்து வேர்விட்ட அடுத்த குளிர்காலத்தில், அதை நிலையான இடத்துக்கு மாற்றலாம். இரண்டரை அடி ஆழக் குழியில், நன்கு மக்கிய சாணத்தை மண்ணோடு கலந்து இட்டால் போதும். உரம் மிகுந்தால் கிளை மென்மையாகி அசுவுணிப் பூச்சிக்கு விருந்தாகும். மஜ்னூன் வகைக்கு ஒரு தனிக் குணம் உண்டு: தானாக நிமிர அதற்கு மனமில்லை. ஆகையால் உறுதியான மூங்கில் ஒன்றை அருகில் நட்டு, ஒரே ஒரு தண்டைத் தேர்ந்து எட்டு, பத்து அடி உயரம் வரை கட்டிக் கொண்டுபோக வேண்டும். அதன் பிறகு கட்டை அவிழ்த்துவிட்டால், மேலிருந்து கிளைகள் தாமே வழிந்து இறங்கும். இந்தப் பொறுமை இல்லாதவர் வளர்த்த மரம் புதராகவே நின்றுவிடுகிறது.

தில்லியில் இளமரத்துக்குப் பெரும் சோதனை வைகாசி, ஆனி மாதங்களின் அனற்காற்று. அடிமரத்தைச் சுற்றி வைக்கோலோ சருகோ பரப்பி, மாலைதோறும் நீர் விட வேண்டும். குடிநீருக்கு வரிசையில் நிற்கும் நகரத்தில் ஒரு மரத்துக்குக் குடம் குடமாக நீர் ஊற்றுவது நியாயமா என்று என் வீட்டில் கேள்வி எழுந்தது. அரிசி களைந்த நீரும், காய்கறி அலம்பிய நீரும் அதற்கு என்று தீர்ப்பாயிற்று. அசுவுணி வந்தால் நீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். தண்டு துளைப்பான் வந்தால் மட்டும் அலட்சியம் கூடாது. துளையில் கம்பியை விட்டுப் புழுவைக் கொன்று, வாயைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். கறையானுக்கு வேப்பம் பிண்ணாக்கு.

இவற்றையெல்லாம் நான் முறையாகவே செய்தேன். மரமும் ஐந்தே ஆண்டுகளில் மாடியை எட்டியது. ஆனால் செய்ய வேண்டிய முதற்காரியத்தை நான் செய்யவில்லை. எங்கே நடுவது என்று எண்ணிப் பார்க்கவில்லை. அரசுக் குடியிருப்பின் பின்புறத்தில், சுவரிலிருந்து பத்தடி தூரத்தில், கண்ணுக்கு அழகாய் இருந்த இடத்தில் நட்டிருந்தேன். தரைக்குக் கீழே என்ன போகிறது என்று யாரையும் கேட்கவில்லை.

ஐந்தாம் ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு, பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர் கதவைத் தட்டினார். கழிவுநீர் எதிர்த்துப் பாய்ந்து அவர் வீட்டின் பின்னறைக்குள் புகுந்துவிட்டது. பக்கவாதத்தால் படுத்த படுக்கையாய் இருந்த அவருடைய தாயார் அந்த அறையில்தான் இருந்தார். நானும் அவரும் அவர் மகனுமாகக் கட்டிலோடு அந்த அம்மையாரைத் தூக்கி முன்கூடத்தில் வைத்தோம். கணுக்கால் அளவு சாக்கடை நீரில் நின்றுகொண்டு தூக்கினோம். அம்மையார் ஒன்றும் பேசவில்லை. போர்வையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தொழிலாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். பழைய மண்குழாயின் இணைப்பில் மயிரிழை போன்ற இடுக்கு இருந்தது. அதன் வழியே நுழைந்த வேர், உள்ளே பருத்துக் கிளைத்து, பெண்களின் பின்னலைப் போல் ஆறடி நீளத்துக்கு வளர்ந்து குழாயை அடைத்திருந்தது. அதை வெளியே இழுத்துப் போட்டபோது, அது எந்த மரத்தின் வேர் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானே சொன்னேன். சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கச் சற்று நேரம் ஆனது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வில்லோவின் வேர் நீரை நாடிச் செல்லும். கசிவுள்ள இடம் அதற்கு அழைப்பு. வீட்டுச் சுவர், சாக்கடை, நீர்க்குழாய், கிணறு ஆகியவற்றுக்கு நாற்பது, ஐம்பது அடி தூரத்துக்குள் இதை நடவே கூடாது. குளக்கரை, வாய்க்கால் ஓரம், மழைநீர் தேங்கும் பள்ளம் ஆகியவையே இதற்கு உரிய இடங்கள். அங்கே மண்ணரிப்பைத் தடுக்கும் காவலாளியாகவும் நிற்கும். அங்கும் அளவு வேண்டும். காஷ்மீரத்து வூலர் ஏரியின் விளிம்பில் விறகுக்காகப் பல ஆண்டுகள் தொடர்ந்து வில்லோவை நட்டார்கள். வண்டல் அவற்றின் அடியில் படிந்து படிந்து ஏரி சுருங்கிற்று. 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை அகற்ற வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்புத் திட்டம் கணக்கிட்டது. அதே காஷ்மீரத்தில் கிரிக்கெட் மட்டைக்கும், குளிர்காய மேலாடைக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிடியின் கூடைக்கும் வில்லோ இல்லாமல் முடியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சிறிய முற்றம் உடையவர்களுக்கு ஒரு வார்த்தை. தொங்கும் கிளையின் அழகே வேண்டுமென்றால், செந்நிறப் பூக்கள் தொங்கும் பாட்டில் பிரஷ் மரத்தை வையுங்கள். தில்லி வெயிலை அது நன்கு தாங்கும். நீரும் குறைவாகவே கேட்கும். வில்லோவே வேண்டுமென்று பிடிவாதம் இருந்தால் பெரிய தொட்டியில் வைத்து, ஆண்டுதோறும் தையில் கிளைகளை ஒட்ட நறுக்கி, இரண்டாண்டுக்கு ஒரு முறை வேரையும் கழித்து மறுபடி நடலாம். அது மரத்துக்கும் தொல்லை, உங்களுக்கும் தொல்லை.

என் மரத்தை அகற்றவே வேண்டியதாயிற்று. தில்லியில் மரம் வெட்ட 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். விண்ணப்பித்து, அனுமதி வந்து, தை மாதத்தில் வெட்டினோம். அடிக்கட்டையை விட்டுவைத்தால் மறுபடி துளிர்க்குமாதலால் தோண்டியே எடுக்க வேண்டியிருந்தது. வெட்டிய அன்று பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து நின்றார். “பேட்டா, இதில் மூன்று கொம்பு எனக்குக் கொடு. ஊரில் எங்கள் நிலத்தை ஒட்டி வாய்க்கால் ஓடுகிறது” என்றார். அவரிடம் எதையும் மறுக்கும் நிலையில் நான் இல்லை. கையளவு பருமனுள்ள மூன்று கொம்புகளை, ஆளுயரம் இருக்கும்படி நறுக்கி ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தேன்.

சென்ற ஆண்டு மாசியில் அவருடைய ஊருக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தது. வாய்க்கால் கரையில் இரண்டு கொம்புகள் தழைத்து, நுனிக் கிளைகள் நீரைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருந்தன. மூன்றாவது எங்கே என்று கேட்டேன். முதல் தளிர் விட்டபோதே ஆடு வந்து, பட்டை உட்பட அனைத்தையும் தின்றுவிட்டதாம். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நான் பதறிக் கேட்டதைப் பார்த்து அவர் வியப்படைந்தார். அந்த ஆடு குட்டிகளோடு அங்கேயே மேய்ந்துகொண்டிருந்தது.