மூலிகைக்கும் மாத்திரைக்கும் ஒரே உரைகல்



விறைப்புக் குறைபாட்டுக்கு மூலிகை மருந்தா, மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் மாத்திரையா என்பது இக்கருத்தரங்கின் பொருள். படித்தவர்கள் கூடிய மேடையில் இதைப் பேசுவதற்கு நாம் வெகுகாலம் தயங்கினோம். அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகள். மருத்துவக் கல்லூரிகள் வாய் திறவாத இடத்தில் பேருந்து நிலையச் சுவரொட்டிகளும், லாட்ஜ் அறைகளில் முகாம் போடும் வைத்தியர்களும், பின்னிரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் பேசின. இளைஞனிடம் அச்சத்தை விதைத்தார்கள். அந்த அச்சத்துக்கே லேகியம் விற்றார்கள். இந்த அவை நான்கு கேள்விகளை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒரு மருந்துக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யாருக்கு எந்த அளவு பயன் தந்தது, யாருக்குத் தீங்கு செய்யும்? இவற்றுக்கு விடை உள்ள மருந்து, விடை இல்லாத மருந்து என்று பிரிப்பதே பொருள் உள்ள பிரிவினை. செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்பதைக் கொண்டு நோயாளிக்கு எந்த வழியும் காட்ட முடியாது. இக்கேள்விகளிலிருந்து மூலிகைகளுக்கு விலக்கு அளித்தவர்கள் அவற்றுக்கு நன்மை செய்வதாக எண்ணினார்கள். விளைந்தது பெருந்தீங்கு.

விறைப்பு அடிப்படையில் இரத்த ஓட்டம் சார்ந்த நிகழ்வு. நரம்பு முனைகளும் இரத்தக் குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. அது சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற பொருளைப் பெருக்குகிறது, மென்தசைகள் தளர்கின்றன, இரத்தம் வந்து நிறைகிறது. அந்தப் பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதுதான் மருத்துவர் எழுதித் தரும் சில்டெனாஃபில் மாத்திரை செய்யும் வேலை. இங்கிலாந்தின் சாண்ட்விச் நகர ஆய்வகத்தில் நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட மருந்து அது. 1998 மார்ச்சில் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. நைட்ரிக் ஆக்சைடு உடலில் செய்திகடத்தும் பொருள் என்று கண்டறிந்த மூன்று அறிவியலாளர்களுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். ஒப்புதலுக்கு அடிப்படையான சோதனைகளில் ஒன்றில், சில்டெனாஃபில் உண்டவர்களின் உடலுறவு முயற்சிகளில் 69 விழுக்காடு வெற்றி பெற்றன. வெற்று மாத்திரை உண்டவர்களுக்கு 22 விழுக்காடு. முதல் எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இந்த அவை இரண்டாவது எண்ணைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மருந்தே இல்லாத மாத்திரையை உண்டவர்களின் முயற்சிகளிலும் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பலித்திருக்கிறது. நம்பிக்கை, கவனிப்பு, அச்சம் தணிதல், நோயின் இயல்பான ஏற்ற இறக்கம் ஆகியவை சேர்ந்து தரும் பலன் அது. ஒரு வைத்தியர் நூறு பேருக்கு எதைக் கொடுத்தாலும், அவரைக் கைகூப்பி வாழ்த்திச் செல்லச் சிலர் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய சான்றிதழ் மருந்துக்கு உரியது ஆகாது.

இதனால் தாவரங்களில் ஒன்றும் இல்லை என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். விறைப்புக் குறைபாட்டுக்கு இக்காலத்தில் கிடைத்த முதல் நம்பகமான மருந்தே அபினிச் செடியில் உள்ள பாப்பாவெரின்தான். 1982இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரொனால்ட் விராக் அதை ஊசிவழி செலுத்திக் காட்டினார். ஆப்பிரிக்க மரப்பட்டையிலிருந்து கிடைக்கும் யோகிம்பின் பல சோதனைகளில் வெற்று மாத்திரையைவிடக் கொஞ்சம் மேலாக நின்றது. இரத்த அழுத்தத்தையும் படபடப்பையும் கூட்டுவதால் பின்தங்கியது. நம் பூனைக்காலி விதையை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து எல்-டோபாவை 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரனும் ராமசுவாமியும் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். நடுக்குவாதத்துக்கு இன்று உலகம் முழுவதும் தரப்படும் அதே பொருள். அந்த ஆய்வு பூனைக்காலியின் பெருமையைக் குறைத்ததா? கூட்டியது. அதோடு, நடுக்குவாத மருந்தோ மனநோய் மருந்தோ உண்பவர் பூனைக்காலிச் சூரணத்தை எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்ற அறிவையும் தந்தது. உள்ளிருப்பது தெரிந்த பிறகே எச்சரிக்கை பிறக்கும்.

சோதித்துப் பார்த்த மூலிகைகள் என்ன சொல்கின்றன? கொரிய ஜின்செங் பற்றிய சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு 2021இல் வெளிவந்தது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் விறைப்பில் அதன் பயன் பொருட்படுத்தத் தகாத அளவே என்பது அதன் முடிவு. நெருஞ்சிலுக்கு முரணான சான்றுகள் உண்டு. பிரேசிலில் நடந்த சிறிய சோதனையில் பயன் தெரியவில்லை. பல்கேரியாவில் 180 பேரிடம், கூடுதல் அளவில், பன்னிரண்டு வாரம் நடந்த சோதனையில் பயன் தெரிந்தது. இன்னொரு பெரிய சோதனைக்கு உரிய மூலிகை அது என்பதே என் கணிப்பு. மனம் சார்ந்த விறைப்புக் குறைபாட்டுக்கு அமுக்கராக் கிழங்குப் பொடியைக் குஜராத்தின் ஜாம்நகரில் ஆயுர்வேத ஆய்வாளர்களே வெற்று மருந்தோடு ஒப்பிட்டார்கள். வேறுபாடு இல்லை என்று கண்டு, அதை 2011இல் தங்கள் இதழிலேயே அச்சிட்டார்கள். தம் மரபின் மருந்து தோற்றதைத் தாமே அறிவித்த அந்த நேர்மைக்கு இந்த அவை தலைவணங்க வேண்டும்.

இனி இப்பொருளின் மிகக் கசப்பான பகுதி. சந்தையில் 'முழுக்க மூலிகை' என்று விற்கும் காப்ஸ்யூல்களில் சில உடனே, கண்கூடாக வேலை செய்கின்றனவே, எப்படி? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை கண்டறிந்த கலப்பட ஊட்டப் பொருள்கள் 776. அவற்றில் ஏறத்தாழ பாதி பாலுணர்வுக்கென விற்கப்பட்டவை; அவற்றுக்குள் மிகுதியாக ஒளிந்திருந்தது சில்டெனாஃபில். மருத்துவர் சீட்டுக்கு அஞ்சி மூலிகையை நாடியவர், அதே மாத்திரையை அளவு தெரியாமல், எச்சரிக்கை இல்லாமல் விழுங்கியிருக்கிறார். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு சில்டெனாஃபில் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவு சரியும். மருத்துவரிடம் போயிருந்தால், "இதய மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டிருப்பார். காப்ஸ்யூல் டப்பா கேட்காது. சிங்கப்பூரில் 2008இன் முதல் ஐந்து மாதங்களில், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்து மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். ஆண்மை வீரியத்துக்கென விற்ற சட்டவிரோத மருந்துகளிலும் போலி மாத்திரைகளிலும் சர்க்கரை நோய் மருந்தான கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள். அவர்களில் நால்வர் இறந்தார்கள். நம் நாட்டிலும் காவல் தளர்வாகவே இருக்கிறது. செவ்வியல் நூல்களில் சொன்னபடி செய்த மருந்துக்கு உரிமம் பெற நூலாதாரமே போதும். நோயாளிகளிடம் சோதித்திருக்க வேண்டியதில்லை. பாலின்ப ஆற்றலைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. தடை ஏட்டில் இருக்கிறது. விளம்பரம் சுவரில் இருக்கிறது.

அந்த நான்கு கேள்விகளும் மூலிகைக்கும் பொருந்தும் என்ற கருத்துக்கு மறுப்புகள் எழும். தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட அனுபவமே சான்றாகாதா என்பது முதல் மறுப்பு. அனுபவம் மதிப்புடையது. எந்தச் செடியைச் சோதிக்கலாம் என்று அது வழிகாட்டும். சர்ப்பகந்தியிலிருந்து இரத்த அழுத்த மருந்து பிறந்ததும் அப்படித்தான். ஆனால் மேலே சொன்ன அந்த 22 விழுக்காட்டை மருந்தின் பலனிலிருந்து பிரித்துக் காட்ட அனுபவத்தால் இயலாது. இருபது ஆண்டுகள் சர்க்கரை நோயோடு வாழ்ந்து குழாய்கள் தடித்துப்போன ஒருவரின் நிலைமை, பழைய நூல்கள் பேசும் தாது பலவீனத்தோடு ஒன்றுதானா என்பதும் தீர்க்கப்படாத கேள்வி. அடுத்த மறுப்பு இதைவிட வலுவானது. சித்த மருத்துவம் நாடி பார்த்து, தேகநிலை அறிந்து, ஆளுக்கு ஆள் மருந்தை மாற்றுகிறது. எல்லோருக்கும் ஒரே மாத்திரை தரும் சோதனை முறை அதற்குப் பொருந்தாது என்பார்கள். இதில் நியாயம் உண்டு. அப்படியானால் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வைத்தியரிடமே விட்டுவிட்டு, அவருடைய சிகிச்சை முழுவதையும் ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்படுத்தலாம். அப்படிச் சோதனை வகுப்பது இயலும் காரியமே. தவிரவும், கடையில் யாருக்கும் எடுத்துக் கொடுக்கும் காப்ஸ்யூல் எந்த நாடியைப் பார்த்தது? இந்த மறுப்பு உண்மையில் சந்தை மூலிகைக்கு எதிராகவே நிற்கிறது.

நவீன மாத்திரைகளும் குற்றமற்றவை அல்லவே என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். தலைவலி, முகம் சிவத்தல், சிலருக்குப் பார்வையில் நீலச் சாயல், அரிதாக நீங்காத விறைப்பு ஆகியவை உண்டு. அவை நோயின் வேரைக் குணப்படுத்துவதில்லை. முற்றிய சர்க்கரை நோயிலும் புராஸ்டேட் சுரப்பியை நீக்கிய பிறகும் பலருக்குப் பலிப்பதில்லை. இவற்றை நாம் அறிந்திருப்பதே, அவை அந்த நான்கு கேள்விகளுக்கு உட்பட்டதால்தான். ஆனால் நம் ஊர்களில் மருந்துக்கடைக்காரரிடம் சீட்டில்லாமல் வாங்கும் சில்டெனாஃபிலுக்கும் லாட்ஜ் வைத்தியரின் பொட்டலத்துக்கும் ஒரு பொதுக்குறை உண்டு. இரண்டிலும் நோயாளியை யாரும் பரிசோதிக்கவில்லை. இதை ஆங்கில மருத்துவர்கள் தங்கள் குறையாக ஏற்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் கால்களைப் பார்க்கிறோம், கண்களைப் பார்க்கிறோம். விறைப்பைப் பற்றி ஒரு சொல் கேட்பதில்லை.

கேட்காததால் நாம் இழப்பது பெரிது. ஆண்குறிக்குச் செல்லும் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவை. குழாய்களின் உட்சுவர் கெடத் தொடங்கினால் அங்கே முதலில் தெரியும். நெஞ்சுவலி தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்புக் குறைபாடு தலைகாட்டுவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளிவந்தபோது, நம் நாட்டில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் என்று காட்டியது. அப்படிப்பட்ட நாட்டில் நாற்பத்தைந்து வயதுக்காரர் இக்குறையோடு வரும்போது, லேகியமோ மாத்திரையோ கொடுத்து அனுப்புவது எச்சரிக்கை மணியின் நாக்கை அறுப்பதற்கு ஒப்பாகும். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகைப்பழக்கம், உண்ணும் பிற மருந்துகள், மனச்சோர்வு ஆகியவற்றை விசாரித்த பிறகே எந்த மருந்தும் கைக்குப் போக வேண்டும்.

இரண்டு நாள் அமர்வுகளில் நீங்கள் வேறுபடுவீர்கள், வேறுபடுங்கள். கலைவதற்கு முன் சிலவற்றில் உடன்படுமாறு கேட்டுக்கொள்கிறேன். சித்த மருத்துவக் கல்லூரிகள் தாங்கள் வழங்கும் ஒவ்வொரு தொகுதி மருந்திலும் சில்டெனாஃபில் இனக் கலப்பு இல்லை என்பதை ஆய்வகத்தில் உறுதி செய்யட்டும். நெருஞ்சில், பூனைக்காலி, நிலப்பனைக்கிழங்கு ஆகியவற்றுக்கான சோதனைகளை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்து, முடிவு சாதகமோ பாதகமோ வெளியிடட்டும். நவீன மருத்துவர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளிடம் விறைப்புக் குறைபாடு பற்றிக் கூச்சமின்றிக் கேட்கட்டும்; கூடவே, என்ன மூலிகை உண்கிறீர்கள் என்பதையும் ஏளனமின்றிக் கேட்கட்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு அரசைக் கோரும் தீர்மானத்தை இந்த அவை ஒருமனதாக நிறைவேற்ற வேண்டும் எனக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.