ஃப்யூஸ் இருந்தது, ஆனா தப்பான இடத்துல: காரில் ஹாம் ரேடியோ

(எபிசோடில் பேசினதைப் படிக்க வசதியா கொஞ்சம் திருத்திக் கொடுத்திருக்கோம்.)

போன ரெண்டு எபிசோடும் கோடு, இன்டர்வியூன்னே போயிடுச்சு. இன்னைக்கு லேப்டாப்பை மூடி வச்சிட்டு கார் பானெட்டைத் திறக்கப் போறோம். காரில் ஹாம் ரேடியோ எப்படி மாட்டுறது, மாட்டினதுக்கு அப்புறம் யாருக்கும் ஆபத்து இல்லாம எப்படிப் பேசுறது, இதுதான் விஷயம். இதுல நான் பண்ண ஒரு தப்பையும் சொல்லப் போறேன். அந்தத் தப்பு நடந்தப்போ பக்கத்து சீட்டுல எங்க அம்மா உட்கார்ந்திருந்தாங்க.

முதல்ல, எனக்கு எதுக்கு இந்த வேலை? எங்க வீடு ஆம்பூர்ல. அப்பா ஷூ ஃபேக்டரியில கட்டிங் செக்‌ஷன். நான் வேலை பார்க்கிறது பெங்களூர்ல. 2021 நவம்பர் மழை ஞாபகம் இருக்கா? வருஷம் முழுக்க மணலா கிடக்கிற பாலாறு கரை தொட்டு ஓடுச்சு. பக்கத்துல பேரணாம்பட்டுல ஒரு வீட்டுச் சுவர் இடிஞ்சு விழுந்து, குழந்தைங்க உட்பட ஒன்பது பேர் இறந்துட்டாங்க. அந்த ராத்திரி நான் பெங்களூர்ல உட்கார்ந்து வீட்டுக்கு போன் அடிச்சுக்கிட்டே இருந்தேன். லைன் போகல. காலையில அப்பாவே கூப்பிட்டார், "கரண்ட் இல்லப்பா, அவ்வளவுதான்"ன்னார். அவருக்கு அவ்வளவுதான். எனக்கு அந்த ராத்திரி மறக்கல.

டவர் இல்லாம, இன்டர்நெட் இல்லாம ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட நேரடியா பேச என்ன வழின்னு தேடினப்போதான் ஹாம் ரேடியோ வந்தது. 2004 டிசம்பர்ல ஹைதராபாத் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெச்சூர் ரேடியோவைச் சேர்ந்த பாரதி பிரசாத், கால்சைன் வி.யூ.2 ஆர்.பி.ஐ., அந்தமான்ல இருந்து உலகம் பூரா ஹாம்களோட பேச ஒரு குழுவோட போர்ட் பிளேருக்குப் போயிருந்தாங்க. டிசம்பர் 26 காலையில நிலநடுக்கம், சுனாமி. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன அதே செட்டு, தீவுக்கும் மெயின்லேண்டுக்கும் நடுவுல தகவல் போற வழியா மாறிடுச்சு. அந்தக் கதையைப் படிச்சப்போவே பரீட்சை எழுதணும்னு முடிவு பண்ணிட்டேன்.

முதல்ல லைசென்ஸ்

இதுல குறுக்கு வழி கிடையாது. மத்திய தொலைத்தொடர்புத் துறையோட டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்துற பரீட்சை பாஸ் பண்ணி லைசென்ஸ் வாங்கணும். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல்னு ரெண்டு கிரேடு. பாஸ் பண்ணினா வி.யூ.ன்னு ஆரம்பிக்கிற கால்சைன் கிடைக்கும். எந்த பேண்ட், எத்தனை வாட், எங்கே வச்சுப் பேசலாம் எல்லாம் லைசென்ஸ் விதியில இருக்கு. காரில் மாட்டுறதுக்கு முன்னாடி, வண்டியில வச்சுப் பேச உங்க லைசென்ஸ்ல அனுமதி இருக்கான்னு படிச்சுப் பாருங்க.

"ஆன்லைன்ல வாக்கி டாக்கி ஆயிரம் ரெண்டாயிரத்துக்குக் கிடைக்குதே ப்ரோ"ன்னு கேட்பீங்க. விதிக்குப் புறம்பா இப்படி விற்கிறதுக்காகத்தான் 2025 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்புச்சு. பட்டனை அமுக்கினதும் அது எந்த அலைவரிசையில போகுதுன்னு தெரியாம பேசுறது, போலீஸ், ஆம்புலன்ஸ் பேசுற இடத்துல போய் கத்துற மாதிரி ஆகலாம்.

இன்னொண்ணு, எனக்கே லேட்டாதான் உறைச்சுது. நான் லைசென்ஸ் வாங்கிட்டா மட்டும் அம்மாகிட்ட பேச முடியாது. அந்தப் பக்கமும் ஒரு ஹாம் வேணும். ஆம்பூர்லயே இருக்கிற ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தனை நச்சரிச்சு அவனையும் பரீட்சை எழுத வச்சேன். அவசரம்னா அவன் எங்க வீட்டுக்கு நடந்து போய் எட்டிப் பார்த்துட்டு வருவான். எங்க "நெட்வொர்க்" அவ்வளவுதான்.

நான் பண்ண தப்பு

50 வாட் வி.ஹெச்.எஃப் செட் ஒண்ணு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். அப்பாவோட பழைய கார். ஒரு சனிக்கிழமை வீட்டு வாசல்லயே மாட்ட ஆரம்பிச்சேன்.

50 வாட் வெளியே அனுப்ப, செட்டு பேட்டரியில இருந்து 10, 12 ஆம்பியர் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட் போன் சார்ஜருக்கானது, இவ்வளவு நேரம் இவ்வளவு கரண்ட் தாங்காது. அதனால நேரா பேட்டரியில இருந்தே வயர் எடுக்கணும். இது எனக்குத் தெரியும். செட்டோட வந்த கேபிள்ல ஃப்யூஸும் இருந்தது. ஆனா கேபிள் நீளம் பத்தல. நான் என்ன பண்ணேன்? பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவுல ஒரு மீட்டர் வயரைச் சேர்த்து ஒட்டினேன். அந்த வயரை இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகரச் சுவர்ல ஒரு ஓட்டை வழியா உள்ளே விட்டேன். அந்தச் சுவருக்குப் பேரே ஃபயர்வால்தான், நம்ம ஃபயர்வால் இல்ல, ஒரிஜினல். ஓட்டையில ரப்பர் வளையம் போடல.

ஒரு மாசம் சூப்பரா வேலை செஞ்சது. அப்புறம் ஒரு கல்யாணத்துக்கு அம்மாவைக் கூட்டிட்டு வாணியம்பாடி போறேன். என்.ஹெச். 48-ல ஆம்பூர் தாண்டி கொஞ்ச தூரம். "என்னடா பிளாஸ்டிக் கருகுற வாசனை"ன்னாங்க அம்மா. லாரியில இருந்து வருதும்மான்னேன். அடுத்த நிமிஷம் டேஷ்போர்டு கீழேயிருந்து புகை.

ஓரம் கட்டி, அம்மாவை இறக்கி, பானெட் திறந்தா வயர் உருகி ஒழுகுது. கையில ஒரு ஸ்பேனர் கூட இல்ல. பின்னாடி வந்த லாரிக்காரர் ஒருத்தர் நிறுத்தி இறங்கி, "தம்பி, தள்ளி நில்லு"ன்னுட்டு, அவர் ஸ்பேனரால பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டினார். புகை அடங்கிடுச்சு. பாசிட்டிவைத் தொடாம நெகட்டிவை ஏன் முதல்ல கழட்டணும்? காரோட உடம்பு முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவ் கழட்டும்போது ஸ்பேனர் தகரத்துல பட்டா அங்கேயே ஷார்ட்.

என்ன நடந்திருக்குன்னா, வண்டி அதிர அதிர, தகர விளிம்புல வயரோட தோல் தேஞ்சு, செம்பு பாடியில பட்டுடுச்சு. ஃப்யூஸ் போகவே இல்ல, புதுசு மாதிரி இருந்தது. ஏன்னா ஷார்ட் ஆனது ஃப்யூஸுக்கு முன்னாடி இருக்கிற வயர். எர்ரர் வர்ற லைனை விட்டுட்டு அதுக்குக் கீழே ட்ரை-கேட்ச் போட்ட கதை.

கார் பேட்டரி 12 வோல்ட்தானேன்னு நமக்கு இளக்காரம். ஷாக் அடிக்காதுதான். ஆனா இன்ஜினைச் சுத்த வைக்கிற பேட்டரி அது, ஷார்ட் ஆனா நூத்துக்கணக்கான ஆம்பியர் கொட்டும். வயர்ல கரண்ட் 10 மடங்கு ஏறினா சூடு 100 மடங்கு ஏறும். ஃப்யூஸ் செட்டைக் காப்பாத்த மட்டும் இல்ல மக்களே. வயரைக் காப்பாத்த, வண்டிக்குள்ள இருக்கிறவங்களைக் காப்பாத்த.

வீட்டுல அப்பா அந்தக் கருகின வயரைக் கையில வச்சுப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "தோலும் இப்படித்தான்டா, நடுவுல கிழியாது, விளிம்புல ஆரம்பிக்கும்." அம்மா சொன்னது வேற: "அந்தப் பெட்டி இருக்கிற வண்டியில நான் ஏற மாட்டேன்."

ரெண்டாவது தடவை எப்படி மாட்டினேன்

பாசிட்டிவ் வயர்ல ஃப்யூஸ், பேட்டரியில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள. செட் கம்பெனி சொன்ன ஆம்பியர்தான், பெருசு போடல. நீளமா வேணும்னா தடிமனான வயர், அதுவும் ஃப்யூஸுக்கு அப்புறம். தகரத்தைத் தாண்டுற இடத்துல ரப்பர் வளையம், கடையில குரோமெட்னு கேளுங்க. இன்ஜின் பக்கம் பூரா வயருக்கு மேல நெளி பைப். சூடான எக்சாஸ்ட், சுத்துற பெல்ட், சீட் நகர்ற தண்டவாளம், இந்த மூணு பக்கமும் வயர் போகக்கூடாது.

நெகட்டிவ்ல ஒரு விஷயம். புது வண்டிகள் பலதுல பேட்டரி நெகட்டிவ் டெர்மினல்லயே கரண்ட் அளக்கிற சென்சார் இருக்கும். அங்கே நேரா மாட்டினா அதோட கணக்கு தப்பும். வண்டி மேனுவல் சொல்ற பாடி எர்த் இடத்துல மாட்டுங்க. எலக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டின்னா ஆரஞ்சு கலர் கேபிள் எதையும் தொடாதீங்க, அது ஹை வோல்டேஜ்.

செட்டோட உடம்பை சீட்டுக்கு அடியில போல்ட் போட்டு இறுக்கினேன், முகத்தை மட்டும் டேஷ்போர்டுல. ஒரு கிலோ இரும்பு, சடன் பிரேக்ல பறந்து வந்தா என்ன ஆகும்னு யோசிங்க. ஏர்பேக் விரியுற இடத்துல எதுவுமே வேண்டாம், மைக் கூட. நம்ம வேலூர் பக்கத்து வெயில்ல பூட்டின கார் அடுப்பு. செட்டைச் சுத்தி காத்து போக இடம் விடுங்க.

ஆன்டெனாவுக்கு நல்ல இடம் கூரை நடு. கூரைத் தகரமே ஆன்டெனாவோட பாதி. 145 மெகாஹெர்ட்ஸுக்கு கால் அலை நீளம் சுமார் 49 சென்டிமீட்டர், ஒரு குச்சி அவ்வளவுதான். மாட்டினதும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வச்சுப் பாருங்க. அனுப்புற பவர்ல எவ்வளவு திரும்பி வருதுன்னு அது காட்டும். 1.5-க்குக் கீழே இருந்தா நிம்மதி. 3 காட்டினா பேசாதீங்க, கனெக்டரைப் பாருங்க. ஆன்டெனா மாட்டாம பட்டனை அமுக்கினா செட்டோட அவுட்புட் டிரான்சிஸ்டர் காலி.

கடைசியா டெஸ்ட். வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓட விட்டு, கம்மி பவர்ல ஆரம்பிச்சு ஃபுல் பவர் வரை அனுப்பிப் பாருங்க. ஏ.பி.எஸ். லைட், ஏர்பேக் லைட், வைப்பர், எது கண் சிமிட்டினாலும் வயர் போற வழியை மாத்துங்க. இதை ரோட்டுல ஓடும்போது கண்டுபிடிக்கக் கூடாது.

பேசும்போது

வண்டி ஓடும்போது கேளுங்க, பேசணும்னா ஓரம் கட்டுங்க. இது என் ரூல். மோட்டார் வாகனச் சட்டம் 184-ம் பிரிவுல, 2019 திருத்தத்துக்கு அப்புறம், ஓட்டும்போது கையில தகவல் கருவி வச்சிருக்கிறது ஆபத்தான ஓட்டுதல்ல சேரும். மைக் போன் இல்லன்னு ரோட்டுல நின்னு வாதாடலாம். ஆனா குறுக்கே வர்ற டூவீலருக்கு அந்த வாதம் கேட்காது. ஏலகிரி ஏறும்போது 14 கொண்டை ஊசி வளைவு. அங்கே ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான்.

பெட்ரோல் பங்க்ல செட்டு ஆஃப். ஆன்டெனா பக்கத்துல யாராவது நின்னா பட்டனைத் தொடாதீங்க, முக்கியமா குழந்தைங்க. உள்ளே இருக்கிறவங்களைக் கூரைத் தகரம் ஓரளவு மறைக்குது, வெளியே நிக்கிறவங்களுக்கு அது இல்ல. நீளமான ஹெச்.எஃப். ஆன்டெனா வச்சிருந்தா ரயில்வே கேட்ல கண்டிப்பா மடக்குங்க. மேலே போறது 25,000 வோல்ட் லைன்.

எவ்வளவு தூரம் போகும்? சுலபமான கணக்கு: ஆன்டெனா உயரத்தை மீட்டர்ல எடுத்து, வர்க்கமூலம் போட்டு, 4.1-ஆல பெருக்குங்க. கார் கூரை ஒன்றரை மீட்டர், அப்போ 5 கிலோமீட்டர். ரெண்டு காருக்கு நடுவுல சமவெளியில சுமார் 10. ஆம்பூர்ல ரெண்டு பக்கமும் மலை, பள்ளத்தாக்கை விட்டு வெளியே போகாது. அதே கார் ஏலகிரி மேலே போனா, ஆம்பூர் தரையை விட சுமார் 800 மீட்டர் உயரம், கணக்குப்படி 100 கிலோமீட்டரைத் தாண்டும். அதனால பவரைக் கூட்டுறதுக்கு முன்னாடி இடத்தை மாத்துங்க. நான் பாதி நேரம் 5, 10 வாட்லதான் பேசுறேன்.

பேட்டரியும் கணக்குதான். சின்ன கார் பேட்டரி 35 ஆம்பியர் அவர்னு வச்சுக்குங்க. சும்மா கேட்டுக்கிட்டு இருந்தா அரை ஆம்பியர், ராத்திரி 8 மணி நேரத்துக்கு 4 போகும். ஆனா ஃபுல் பவர்ல மொத்தமா ஒரு மணி நேரம் பேசினா 12 காலி, மூணுல ஒரு பங்கு. வெள்ளத்துல நின்ன வண்டி காலையில ஸ்டார்ட் ஆகணும்னா சுருக்கமா பேசுங்க.

சரி, முடிச்சிடறேன். ஒன்றரை மாசம் அம்மா அந்தக் கார்ல ஏறவே இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட ஆட்டோ. ஒரு ஞாயித்துக்கிழமை வாசலுக்கு வந்து, "அந்த ஃப்யூஸ் எங்க இருக்கு, காட்டு"ன்னாங்க. பானெட்டைத் திறந்து காட்டினேன். "இது போச்சுன்னா?" வயர்ல கரண்ட் நின்னுடும்மான்னேன். "அப்போ அன்னிக்கு?" அன்னிக்கு இது இங்க இல்லம்மா. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, முன் சீட்டுல ஏறி பெல்ட் போட்டுக்கிட்டாங்க. இப்போ டேஷ்போர்டு பாக்ஸ்ல ஒரு 10-ம் நம்பர் ஸ்பேனர் எப்பவும் இருக்கு. அதை வச்சது நான் இல்ல, அம்மா.

உங்க வண்டியில எக்ஸ்ட்ரா ஹாரன், லைட், ஸ்பீக்கர், எது மாட்டியிருந்தாலும் இந்த வாரம் பானெட்டைத் திறந்து, பேட்டரியில இருந்து ஃப்யூஸ் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். ஹாம் பாஷையில, 73. அப்படின்னா வாழ்த்துக்கள்.