சோலாருக்குக் கடன் எடுக்கும் முன்னே
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் எமரால்டு பகுதிக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



மலையில் கரண்டு எடுப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அது நமக்குப் புதுசு இல்லை. 1932-லேயே பைக்காராத் தண்ணீரை இறக்கிக் கரண்டு எடுத்துவிட்டார்கள். கோயம்புத்தூர் மில்லுகள் பெருகியதில் அந்தக் கரண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-ல் கனடா நாட்டு உதவியோடு குந்தா திட்டம் தொடங்கியது. என் வீட்டு வாசலில் நின்றால் எமரால்டு அணைத் தண்ணீர் தெரியும். இப்போது 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் வேறு கட்டுகிறார்கள். கரண்டு மிச்சமாக இருக்கும் நேரத்தில் கீழே இருக்கும் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி எடுப்பார்களாம்.

இத்தனை இருந்தும் எங்க அம்மா கடைசி வரைக்கும் பாய்லருக்கு சீகை விறகுதான் பொறுக்கினாங்க. நானும் அப்படித்தான். காட்டுமாடு நிற்குதா, கரடி வருதான்னு பார்த்துப் பார்த்து சுள்ளி ஒடிச்ச கதை உங்க எல்லாருக்கும் இருக்கும்.

அதனாலதான் எங்க குழுவுல நாலு பேர், ஆளுக்கு இருபத்தஞ்சாயிரம் கடன் எடுத்து சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டோம். கீழ்நாட்டிலிருந்து வந்து விற்றார்கள். செம்புக் குழாய் ஓடுற தகட்டு மாடல். நவம்பர் வரைக்கும் நல்லா சுட்டுது. ஜனவரியில ஒரு விடியக்காலம் பார்த்தா புல்லெல்லாம் வெள்ளை. எட்டு மணிக்கு வெயில் பட்டதும் கூரையிலிருந்து தண்ணி கொட்டுது. ராத்திரி குழாய்க்குள்ளே தண்ணி உறைஞ்சு, ஐஸ் ஆகும்போது விரிஞ்சு, செம்பைப் பிளந்துட்டுது. நாலுல மூணு வீட்டுல இதே கதி. விற்றவர்களுக்குப் போன் பண்ணினா, பனியில வெடிச்சதுக்கு வாரண்டி இல்லைன்னாங்க. ஹீட்டர் ஓடலை, தவணை மட்டும் ஓடுச்சு. ஒரு தங்கை இரண்டு மாசம் கட்ட முடியாம கூட்டத்துக்கே வரலை. அந்த வருத்தம் தீர ரொம்ப நாளாச்சு.

தப்பு சூரியன்மேல் இல்லை. உறைபனி விழும் நாளில்தான் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், பகல் வெயில் அருமையாக அடிக்கும். தேயிலைக் கன்றைப் பனிக்கு மூடத் தெரிந்த நாங்கள், தண்ணீர் ஓடுற குழாயை யோசிக்கவில்லை. அவ்வளவுதான்.

பிறகு ஒரு பிளம்பர் தம்பி செம்பைப் பற்றவைத்து, இரண்டு வால்வு போட்டுக் கொடுத்தார். டிசம்பர், ஜனவரியில் சாயங்காலம் வால்வை அடைத்து, தகட்டுக்குள் இருக்கும் தண்ணீரை மட்டும் திறந்து விட்டுவிடுவேன். தொட்டியில் சுடுதண்ணி அப்படியே இருக்கும். காலையில் மறுபடி திறப்பேன். அதற்குப் பிறகு வெடிக்கவில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் கண்ணாடிக் குழாய் மாடலைக் கேளுங்கள். பிளாஸ்க் மாதிரி இரண்டு கண்ணாடிக்கு நடுவில் காற்று இல்லாமல் செய்திருப்பதால் பனியைத் தாங்கும். வெளியே ஓடும் பைப்புக்கு மட்டும் உறை சுற்ற வேண்டும். குரங்கு ஏறும் கூரை என்றால் வலை போடுங்கள். குன்னூர்க்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எங்கள் பக்கம் இதை நம்ப முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாதிரி மழையில் சூரியனை எங்கே தேடுவது? பழைய பாய்லரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது எல்லோரும் கேட்பது, கூரையில் கரண்டுத் தகடு போடலாமா என்பது. மத்திய அரசு 2024-ல் கொண்டுவந்த திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் உண்டு. குளிர் ஊரில் தகடு சூடாகாது, அதனால் வெயில் அடிக்கும் நாளில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் முதலில் உங்கள் மின் அட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் நமக்கு இலவசம். லைட், டிவி, மிக்ஸி என்று 80 யூனிட் ஓடும் வீட்டுக்குப் பில்லே இல்லை. அந்த வீட்டுக்குத் தகடு எதை மிச்சம் பிடிக்கும்? லைன் வீட்டில் இருப்பவர்களுக்குக் கூரையே எஸ்டேட்டுடையது, அது வேறு கதை.

அதே வீட்டில் 2,000 வாட் கீசரை தினமும் ஒரு மணி நேரம் போட்டால் இரண்டு யூனிட். அறுபது நாளுக்கு 120 யூனிட். இலவசம் முழுவதையும் கீசரே குடித்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், நம் மாதிரி வீட்டில் சூரியனுக்கு முதல் வேலை பல்பு எரிப்பது இல்லை, வெந்நீர் வைப்பது.

கூட்டமைப்புக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை சோலார் கடன் மனு வந்தால், மின் அட்டையின் நகலையும், உறைபனியில் உடைந்தால் மாற்றித் தருவோம் என்று விற்பவர் எழுதிக் கொடுத்த தாளையும் சேர்த்து வாங்குங்கள். எழுதித் தரமாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம் என்று தீர்மானம் போடுங்கள். அந்த மூன்று வீட்டுத் தவணையும் போன சித்திரையோடு முடிந்துவிட்டது. கூட்டத்துக்கு வராமல் இருந்த தங்கை, இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.