பனங்காடையின் எல்லை எது?



வயலோரத்துத் தந்திக் கம்பியில் அசையாது அமர்ந்திருந்து, சிறகை விரித்ததும் நீலத்தை வாரியிறைக்கும் பனங்காடையை நாம் மறந்திருக்க இயலாது. பிழைப்பின் பொருட்டு நாம் எம்மாநிலத்திற் குடியேறினும், பெரும்பாலும் இப்பறவை நமக்கு முன்னரே அங்கு இருப்பதைக் காண்கிறோம். வடநாட்டார் இதனை நீலகண்டம் என அழைத்து, விஜயதசமியன்று இதனைக் காண்பதை நற்சகுனமாகக் கொள்வர். கர்நாடகம், ஒடிசா, தெலங்கானா ஆகிய மூன்றற்கும் இதுவே மாநிலப் பறவை.

ஆயினும், அஸ்ஸாமில் வாழும் தமிழர் காணும் பனங்காடை சற்றே வேறானது. நம் ஊர்ப் பறவையின் மார்பு வெளிர்ப்பழுப்பு. அதில் வெண்கீற்றுகள் உண்டு. பறக்கையில் சிறகில் வெளிர்நீலப் பட்டை பளிச்சிடும். கீழ்த்திசைப் பறவையின் முகமும் மார்பும் ஊதா கலந்த கருநிறம். மார்பிற் கீற்றுகள் இல்லை. இவ்விரண்டும் சந்திக்கும் இமய அடிவாரப் பகுதிகளில் இரண்டிற்கும் இடைப்பட்ட தோற்றமுடைய கலப்புப் பறவைகள் காணப்படுகின்றன.

அவ்வாறாயின் இவை ஓரினமா, ஈரினமா? இயற்கையில் தம்முட் கூடி இனம் பெருக்குவனவே ஒரு சிற்றினம் என்று எர்ன்ஸ்ட் மயர் 1942-இல் வரையறுத்தார். கலப்பு நிகழ்வதைக் கண்ட அறிஞர், நெடுங்காலம் இரண்டையும் ஓரினத்தின் இரு கிளைகளாகவே வைத்தனர். 2018-இல் வெளியான மரபணு ஆய்வோ வியப்பான செய்தியைக் கூறிற்று. கீழ்த்திசைப் பறவைக்கு மிக நெருங்கிய உறவு நம் பனங்காடை அன்று. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் வாழும் மற்றொரு பனங்காடையே. அத்தீவுப் பறவையைத் தனி இனமாக வைத்துவிட்டு, அதனினும் தொலைவான உறவுடைய இரண்டை ஒரே இனமாகக் கட்டுவது எங்ஙனம் பொருந்தும்? ஆகவே இன்று பறவைப் பட்டியல்கள் பல இவற்றைத் தனித்தனிச் சிற்றினங்களாகக் குறிக்கின்றன.

எனின், கலப்பிற்கு என்ன விடை? ஐரோப்பாவில் கருங்காகமும் சாம்பற்காகமும் எல்லையிற் கலக்கின்றன; ஆயினும் அக்கலப்பு ஒரு குறுகிய பட்டையைத் தாண்டிப் பரவுவதில்லை. எனவே, கலப்பு உண்டா என்பதோடு நில்லாமல், அது எவ்வளவு தூரம் பரவுகிறது, கலப்பினக் குஞ்சுகள் வளர்ந்து தாமும் இனம் பெருக்குகின்றனவா என்றும் நாம் வினவுதல் வேண்டும்.

இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. இந்தியாவில் பனங்காடையின் எண்ணிக்கை பெரிதும் குறைந்து வருகிறது என 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை எச்சரித்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணினால், ஒன்றன் தேய்வை மற்றொன்றன் பெருக்கம் மறைத்துவிடக்கூடும். வங்கத்திலும் அஸ்ஸாமிலும் வாழும் நேயர்கள் பனங்காடையைக் காணுங்கால் அதன் முகத்தையும் மார்பையும் உற்று நோக்கி, இடத்தையும் நாளையும் குறித்து வைப்பார்களாயின், எல்லையை ஆராய்வோருக்கு அக்குறிப்புகள் பெருந்துணையாகும்.