முதல் பந்தை யார் போடுவது?

(பொங்கல் விளையாட்டு விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் நம் சங்க உறுப்பினர் ஒருவர் பேசியது)



போன பொங்கல் விழாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காலை 7 மணிக்குத் தொடங்க வேண்டிய கிரிக்கெட், சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்து 9.45க்குத் தொடங்கியது. சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து நேராக மைதானத்துக்கு வந்த தம்பிகள் ஷாமியானா நிழலில் தூங்கிவிட்டார்கள். 2 மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் பாதி ஆட்டத்தில் கிளம்பினார்கள். நேரமில்லை என்று சிறுமிகளின் ஓட்டப்பந்தயத்தையே விட்டுவிட்டோம். அதற்காக என் பேத்திக்கு வாங்கிய ஷூ இப்போது அவள் காலுக்குப் போதவில்லை.

விருந்தினரைக் குறை சொல்லவில்லை. அழைத்ததும் காத்திருந்ததும் நாம்தான். அந்தக் குழுவில் நானும் இருந்தேன்.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. 1910 ஏப்ரல் 14 அன்று வாஷிங்டனில் அதிபர் டாஃப்ட் பார்வையாளர் பகுதியில் இருந்தபடியே முதல் பந்தை வீசினார். பின்வந்த அதிபர்கள் பலரும் அதைத் தொடர்ந்தார்கள். ஒரே ஒரு பந்து, அது கணக்கிலும் சேராது. வீசிவிட்டு உட்கார்ந்து ஆட்டம் பார்க்க வேண்டியதுதான். பொன்னாடை, வரவேற்புரை எதுவும் கிடையாது.

ஆனால் அந்த ஒரு பந்தில் சோதனையும் உண்டு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அக்டோபர் 30 அன்று நியூயார்க்கில் அதிபர் புஷ் சட்டைக்குள் குண்டு துளைக்காத கவசத்தோடு வந்தார். பந்து தரையில் குத்தினால் கூட்டம் கூச்சல் போடும் என்று ஆட்டக்காரர் டெரக் ஜீட்டர் முன்பே எச்சரித்திருந்தார். நல்லவேளை, நேராகவே போட்டார்.

ஜப்பான்காரர்கள் இன்னும் நயமானவர்கள். 1908இல் முன்னாள் பிரதமர் ஒகுமா வீசிய பந்து எங்கோ விலகிப் போனது. அவர் மனம் நோகக் கூடாதென்று மட்டையாளர் வேண்டுமென்றே மட்டையை வீசித் தவறவிட்டார். அங்கே இன்றும் அதுதான் மரபு. நம் பையன்கள் விருந்தினருக்கு மெதுவாக ஃபுல்டாஸ் போடுவதில்லையா, அதே மரியாதைதான்.

நம்மிடமும் இது பழையதுதான். ஜல்லிக்கட்டில் வாடிவாசலில் முதலில் வருவது கோயில் காளை. அதை யாரும் பிடிப்பதில்லை. அது போனதும் ஆட்டம் ஆரம்பம்.

தொடங்கி வைக்க எவ்வளவு பெரியவர் வந்தாலும் போதாது, கூடியிருப்பவர்களும் சம்மதிக்க வேண்டும். 2017 ஜனவரி 22 அன்று காலை 10 மணிக்கு அலங்காநல்லூரில் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் ஜல்லிக்கட்டைத் தொடங்கி வைப்பதாக இருந்தது. அவசரச் சட்டம் போதாது, நிரந்தரத் தீர்வு வேண்டும் என்று மக்கள் சாலைகளை மறித்தார்கள். முதல்வர் மதுரையோடு திரும்பினார். மறுநாள் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. அலங்காநல்லூரில் காளைகள் இறங்கியது பிப்ரவரி 10 அன்றுதான்.

நம்முடையது சின்ன விழா. இந்த வருடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அழைப்பிதழில் 7 மணி என்று போட்டால் 7 மணிக்கு ஆட்டம் தொடங்கட்டும். நைட் ஷிப்ட் முடித்து முதலில் மைதானத்துக்கு வருபவர் கையில் முதல் பந்தைக் கொடுங்கள். விருந்தினர் எப்போது வருகிறாரோ, அந்த ஓவர் முடிந்ததும் ஒரு பந்து போடட்டும். அது கணக்கில் சேராது. மட்டையாளர் மட்டும் மறக்காமல் தவறவிட வேண்டும்.

சிறுமிகளின் ஓட்டம் 8 மணிக்கு. பெயர்களைப் போகிக்குள் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். முதல் பெயரை நான் இப்போதே கொடுத்துவிட்டேன்.