மாணவர்களுக்குச் சங்கம் எதற்கு?

(எட்டயபுரத்தில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மாணவர் சங்கத்தைப் பற்றி மில் தொழிலாளியிடமும் களை வெட்டும் தாய்மாரிடமும் என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நாமும் பத்தாவது தேறியதோடு படிப்பை விட்டவர்கள்தான். கல்லூரிப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. ஆனால் இன்று கரிசல் காட்டில் பருத்தி எடுக்கும் தாயின் மகன் கல்லூரியில் படிக்கிறான். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் தாயின் மகள் காலை பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிறாள். ஆகவே கல்லூரிப் பிரச்னை நம் வீட்டுப் பிரச்னை ஆகிவிட்டது.

சந்தா வசூலுக்குப் போனபோது ஒரு தாய் நம்மிடம் கேட்டார்: "அண்ணாச்சி, மில்லுல சங்கம் வேணும், சரி. எம் மகனை மட்டும் சங்கம் கிங்கம்னு கூப்பிடாதீக. கேசு கீசுன்னு ஆனா அவன் படிப்பு என்னாகும்?"

அந்தத் தாய்க்குப் பதில் சொல்லவே இந்தப் பேச்சு. பயத்தைப் பற்றிப் பேசுவதற்கு பாரதி பிறந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் வேறு எது?

அவர் பயம் பொய் என்று நாம் சொல்லமாட்டோம். பக்கத்துக் கோவில்பட்டியில் 1921-ல் பிறந்த என். சங்கரய்யாவின் கதையைப் பாருங்கள். 1937-ல் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்தார். மதுரை மாணவர் சங்கத்தின் செயலாளரானார். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களை வெள்ளை சர்க்கார் கைது செய்ததைக் கண்டித்துத் துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். 1941 பிப்ரவரியில் அவரையும் பிடித்தார்கள். பி.ஏ. கடைசிப் பரீட்சைக்கு இன்னும் 15 நாள்தான் இருந்தது. 19 வயது வாலிபருக்கு 18 மாதச் சிறை. பரீட்சை போயிற்று, பட்டமும் போயிற்று.

கதை அதோடு முடியவில்லை. 2023-ல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்க மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் சிண்டிகேட், செனட் என்ற இரு சபைகளும் முடிவு செய்தன. வேந்தரான ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 2-ந் தேதி பட்டமளிப்பு விழா நடந்தது. அந்தப் பட்டம் மட்டும் வழங்கப்படவில்லை. நவம்பர் 15-ந் தேதி, 102-வது வயதில், அவர் மறைந்தார்.

இரு சபைகள் கூடி எடுத்த முடிவை ஒரு கையெழுத்து நிறுத்திவிட்டது. நாடறிந்த தலைவருக்கே இந்தக் கதி என்றால், நம் வீட்டுப் பிள்ளைக்கு?

ஸ்காலர்ஷிப் பணம் வரவில்லை; பீஸ் கட்டாவிட்டால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் இல்லை என்கிறார்கள். விடுதிச் சோற்றில் புழு. பஸ் நேரத்துக்கு வருவதில்லை. தாமதமாக வந்தால் ஆஜர் போடுவதில்லை. தனியாகப் போய்க் கேட்கும் மாணவனை, "நீ ஒருவன்தான் குறை சொல்கிறாய், அப்பாவை அழைத்து வா" என்று அனுப்பிவிடுகிறார்கள். அப்பா ஒரு நாள் கூலியை இழந்து போய், கைகட்டி நிற்கிறார்.

மில்லில் சங்கம் வருவதற்கு முன் நம் நிலை இதுதானே? 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் ஒன்றாக நின்றார்கள். பக்கத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. அவர்களுக்குத் துணை நின்றார். கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. தனி ஆள் கேட்டால் அது மனு. எல்லோரும் சேர்ந்து கேட்டால் அது கோரிக்கை. மில்லுக்குச் சரியான நியாயம் கல்லூரிக்கு மட்டும் எப்படித் தப்பாகும்?

இது புதிதாக நாம் கண்டுபிடித்த கோரிக்கையும் அல்ல. 1918-ல் அர்ஜென்டினா நாட்டின் கோர்டோபா பல்கலைக்கழக மாணவர்கள் போராடினார்கள். பல்கலைக்கழக நிர்வாகத்திலேயே மாணவர்களுக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்து லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவியது.

நம் நாட்டில் லிங்டோ கமிட்டி என்ன சொன்னது? பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் மாணவர் பிரதிநிதிகளைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. 2006 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை அமல்படுத்த உத்தரவிட்டது. வேட்பாளருக்கு 75 சதவீத வருகை வேண்டும். அவ்வாண்டில் அரியர் இருக்கக்கூடாது. தேர்தல் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. தாயே, கவனியுங்கள்! படிப்பை விட்டவனுக்கு அங்கே இடமில்லை. படிக்கிறவன்தான் பிரதிநிதியாக முடியும்.

அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் தேர்தல் நடப்பதில்லை. நிர்வாகம் தனக்குப் பிடித்த மாணவனைச் 'சேர்மன்' என்று நியமிக்கிறது. முதலாளி நியமித்த ஆளைத் தொழிலாளர் பிரதிநிதி என்று நாம் ஏற்போமா?

18 வயதானவர் எம்.எல்.ஏ.வையும் எம்.பி.யையும் தேர்ந்தெடுக்கலாமாம். தான் சாப்பிடும் விடுதிக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கக்கூடாதாம்!

தேர்தல் வந்தால் அடிதடி வரும், ஜாதி வரும் என்கிறார்கள். இதை நாம் தட்டிக்கழிக்க முடியாது. பண பலமும் கோஷ்டிச் சண்டையும் புகுந்து கெட்டுப்போன மாணவர் தேர்தல்கள் உண்டு. ஆனால் தேர்தலே இல்லாத பள்ளிக்கூடங்களில், ஜாதிக்கு ஒரு நிறமாகப் பிள்ளைகள் கையில் கயிறு கட்டுவதை நம் ஜில்லாக்களில் பார்த்தோம். சங்கம் இல்லாத இடத்தில் ஜாதி சங்கமாகிவிடுகிறது. கீழத்தெருப் பிள்ளையும் மேலத்தெருப் பிள்ளையும் ஒரே கோரிக்கைக்கு ஒரே மகஜரில் கையெழுத்துப் போடும்போதுதான் அந்தக் கயிறு அவிழத் தொடங்கும்.

ஆகவே தாய்மார்களே, பொங்கல் லீவுக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "எத்தனை மார்க்?" என்று கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். அதோடு, "உங்கள் கல்லூரியில் மாணவர் தேர்தல் நடந்ததா? உன் பிரதிநிதி யார்?" என்றும் கேளுங்கள். இல்லை என்றால் பெற்றோர் கூட்டத்தில் நீங்களே எழுந்து கேளுங்கள். ஒருவராகப் போகாதீர்கள், நாலு வீட்டார் சேர்ந்து போங்கள்.

நம்மைக் கேட்ட அந்தத் தாய்க்கு நம் பதில் இதுதான்: உங்கள் மகன் படிக்க வேண்டும், பட்டம் வாங்க வேண்டும். அதில் ஒரு நாளும் வீணாகக்கூடாது. அந்தப் படிப்புக்கு ஆபத்து வரும் நாளில் அவன் தனியாக நிற்கக்கூடாது. அதற்காகத்தான் அம்மா, சங்கம்.