வாயிற்படியில் ஒரு பார்சல்

ஒரு பண்டத்தை வாங்கக் கடைத்தெருவுக்குச் சென்றே தீரவேண்டும் என்ற நிலை இன்று மாறிவிட்டது. கைப்பேசியில் வேண்டிய பொருளைக் குறித்தால், அது வீட்டு வாயிலுக்கே வந்து சேர்கின்றது. சேர்வராயன் மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே உள்ள எங்கள் கொட்டச்சேடும் இதற்கு விலக்கன்று. புத்தகமும் துணியும் மருந்தும் மலையேறி வருகின்றன. வசதி பெரிது, ஐயமில்லை. ஆனால், வாயிலுக்கு வந்த பொருள் கைக்கு வந்த பொருளாகுமா? இதையே இன்று நாம் சிந்திக்க வேண்டும்.

நம் அஞ்சல் துறை இவ்வினாவிற்கு நெடுநாள் முன்பே விடை கண்டது. 1877 ஆம் ஆண்டில் தோன்றிய வி.பி.பி. முறையில், பெறுபவர் பணம் செலுத்திய பின்னரே பொருள் அவர் கைக்கு வரும். பதிவுத் தபாலுக்கோ கையொப்பம் வேண்டும். அக்கையொப்பம் வெறுஞ்சடங்கன்று, கொண்டுவந்தவர் பொறுப்பு முடிந்தது, பெற்றவர் பொறுப்புத் தொடங்கியது என்பதற்கு அதுவே சான்று. 2025 ஆம் ஆண்டில் பதிவுத் தபால் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. ஆயினும் கொள்கை மாறவில்லை, ஓ.டி.பி. எண்ணைக் கேட்டுப் பொருளை ஒப்படைக்கும் முறையும் அவ்வாண்டில் வந்தது.

பூட்டிய வீட்டுத் திண்ணையில் பார்சலை வைத்துச் சென்றால் இந்தச் சங்கிலி அறுந்துவிடுகின்றது. அப்பொருளுக்கு அப்போது காவலர் எவருமிலர். விளையும் தீங்குகள் யாவை?

முதலாவது, களவு. அமெரிக்காவில் இவ்வகைத் திருட்டுப் பெருகியதால், டெக்சஸ் மாநிலம் 2019 ஆம் ஆண்டில் இதற்கெனக் கடுமையான சட்டமே இயற்றியது. இரண்டாவது, அதனினும் பெரிய கேடு: மாலைவரை எடுக்கப்படாத பெட்டி, ‘இவ்வீட்டில் ஆளில்லை’ என்று தெருவுக்கே பறைசாற்றுகின்றது. அதன்மேல் ஒட்டிய தாளில் நம் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் வேறு இருக்கின்றன.

மூன்றாவது தீங்கை எங்கள் ஊரிலேயே கண்டேன். காப்பிப் பழம் பறிக்கும் காலம். அண்டை வீட்டார் அனைவரும் தோட்டத்திற்குச் சென்றிருந்தனர். பெரியவருக்கு வந்த மருந்துப் பெட்டி திண்ணையில் கிடந்தது. குரங்குகள் அதைப் பிய்த்தெறிந்தன. வண்ண வண்ண மாத்திரைகள் முற்றமெங்கும் சிதறின. மாலையில் முதலில் ஓடிவந்த நான்கு வயதுப் பேரன், மிட்டாயென்று எண்ணி ஒன்றை வாயருகே கொண்டுபோனான். தாய் பாய்ந்து கையைப் பற்றியதால் பிழைத்தான். பெரியவருக்கோ அன்றிரவு மருந்தில்லை. மறுநாள் ஏர்க்காட்டுக்குச் சென்று வாங்கவேண்டியதாயிற்று. இழப்பு, பெட்டியின் விலை மட்டுமன்று என்பதை அன்று உணர்ந்தோம்.

இதற்குப் பரிகாரம் எளிது. வீட்டில் ஆளிருக்கும் நாளைத் தேர்ந்து பொருளை வரவழையுங்கள். இயலாதாயின், நம்பிக்கையான அண்டை வீட்டாரிடமோ கடைக்காரரிடமோ முன்னரே சொல்லி, அவர் பெயரைக் கொண்டுவருபவருக்குத் தெரிவியுங்கள். மருந்தையும் விலையுயர்ந்த பொருளையும் திண்ணையில் வைக்கும்படி ஒருபோதும் சொல்லாதீர்கள். பொருளைக் கண்ணால் காணுமுன் ஓ.டி.பி. எண்ணைக் கூறாதீர்கள். பெட்டியை எறியுமுன் முகவரித் தாளைக் கிழித்துவிடுங்கள். நீங்கள் வரவழைக்காத, அனுப்பியவர் இன்னாரென்று விளங்காத பெட்டி கிடந்தால், பிரிக்காமல் பெரியோரிடம் தெரிவியுங்கள். பொருள் வராமலே ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று செய்தி வந்தால், உடனே விற்றவரிடம் முறையிடுங்கள். பயனில்லையெனில், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915 இருக்கின்றது.

இன்னுமொன்று. மழையிலும் பனிமூட்டத்திலும் மலைப்பாதை ஏறிவரும் இளைஞரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவர் அன்று இன்னும் பல வீடுகளுக்குச் செல்லவேண்டும். அவர் நீட்டும்போது வாங்க ஒரு கை அங்கே இருக்கும்படி செய்வது நம் கடமை. கொடுப்பவர் கையும் பெறுபவர் கையும் சந்திக்கும்போதுதான் ஒரு பொருள் உண்மையில் வீடு வந்து சேர்கின்றது. அண்டை வீட்டார் பார்சலுக்கு நீங்களும் அந்தக் கையாக இருங்கள்.